பழைய பைக்கின் இன்ஜினில் புதுச் சத்தம்: வெளியிலிருந்து உள்ளே தேடிப் போகும் முறை

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் எந்த ஊர் டீக்கடை வாசலிலும் 15, 20 வருடமும் அதற்கு மேலும் ஆன வண்டிகள் நிற்பதைப் பார்க்கலாம். டேங்கில் ஹீரோ ஹோண்டா என்ற பெயர் இன்னும் அழியாத சிடி 100, ஸ்ப்ளெண்டர், உர மூட்டை சுமக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல், அப்பா ஓட்டிய புல்லட், விற்க மனம் வராமல் வைத்திருக்கும் ஆர்எக்ஸ் 100. இவற்றில் பல இன்றைக்கும் வேலை செய்து சம்பாதிக்கும் வண்டிகள். பால் கேனும் புல்லுக்கட்டும் விதைநெல்லும் இவற்றில்தான் போகின்றன. அதனால் இப்படி ஒரு வண்டியில் புதிதாகச் சத்தம் கேட்டால் வீட்டுக் கணக்கே ஆட்டம் காணும்.

அந்த நேரத்தில் பெரும்பாலோர் செய்வது, பட்டறையில் வண்டியை நிறுத்தி "இன்ஜின்ல சத்தம் வருதுண்ணே" என்று சொல்வது. அவ்வளவுதான் தகவல் என்றால் மெக்கானிக்குக்கும் வேறு வழியில்லை, பிரித்துத்தான் பார்ப்பார். இன்ஜினை ஒருமுறை பிரித்துவிட்டால் கேஸ்கெட், ஆயில் சீல், ரிங் என்று செலவு வந்தே தீரும். சத்தம் செயினிலிருந்து வந்திருந்தாலும் அந்தச் செலவு குறையாது. மன்னார்குடிப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் ஸ்ப்ளெண்டருக்கு ஒரு பட்டறையில் பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றி முடித்த பிறகும் அதே 'டக் டக்' வந்தது. கடைசியில் பார்த்தால் இன்ஜினை ஃபிரேமோடு பிடித்திருக்கும் ஃபவுண்டேஷன் போல்ட் தளர்ந்திருந்தது.

ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே வரிசையில் போகிறது: வெளியிலிருந்து உள்ளே, செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்கு. எப்போது சத்தம் வருகிறது, எங்கிருந்து வருகிறது, எந்தத் தாளத்தில் வருகிறது என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடைக்கும்வரை இன்ஜினைத் திறக்க விடாதீர்கள்.

முதல் வேலை: ஆயில்

வேறு எதையும் தொடும் முன் ஆயிலைப் பாருங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் பல சத்தங்கள் ஆயில் குறைந்ததாலோ, தண்ணீராய் இளகிப் போனதாலோ வருபவை.

வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் அளவு தவறாகக் காட்டும். ஓடி வந்த வண்டி என்றால் சில நிமிடம் விட்டு ஆயில் கீழே இறங்கட்டும். டிப் ஸ்டிக்கைத் துடைத்து, ஹீரோ ஹோண்டா வகை வண்டிகளில் மரையைத் திருகாமல் துளையில் உட்கார வைத்து மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் குறைந்த ஆயிலும் போதுமானதாகத் தெரியும். 100 சிசி ஸ்ப்ளெண்டர் இன்ஜின் மொத்தமே ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயிலில் ஓடுவது. அதில் 200 மில்லி குறைந்தால் அது பெரிய குறைவு.

டிப் ஸ்டிக்கில் ஒட்டிய ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, வழவழப்பில்லாமல் இருந்தால் கார்புரேட்டர் ஒழுகி பெட்ரோல் உள்ளே இறங்கியிருக்கலாம். வெளிறிய பழுப்பாக நுரை கட்டியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். வெயிலில் பிடித்தால் மினுமினு என்று தூள் தெரிந்தால் ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் வடித்து, துணிக்கு அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். காந்தத்தோடு நகரும் தூள் இரும்பு: பேரிங், கியர், கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) பக்கத்துச் சமாச்சாரம். நகராத வெள்ளித் தூள் அலுமினியம்: பிஸ்டனோ, வால்வுகள் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்டோ தேய்கிறது.

ஆயில் மாற்ற வேண்டிய நாள் கடந்திருந்தால் முதலில் மாற்றிவிட்டு, ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, அப்புறம் சத்தத்தைத் தேடுங்கள். கையேட்டில் சொன்ன கனத்தையே ஊற்றுங்கள். சத்தம் அடங்கட்டும் என்று கெட்டி ஆயில் ஊற்றுவது இங்கே பரவலான பழக்கம். அது சில நாள் சத்தத்தை மூடி வைக்கும், தேய்மானம் உள்ளே தொடரும். கார் ஆயிலும் வேண்டாம். பைக்கில் கிளட்ச் அதே ஆயிலில் நனைந்துதான் ஓடுகிறது, அதனால் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற குறி இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஸ்ப்ளெண்டர் வகை இன்ஜினில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. வலப்பக்கக் கவருக்குள் சுழலும் ஃபில்டர் ஒன்றும், சல்லடை ஒன்றும்தான். வருடக்கணக்கில் யாரும் திறக்காத வண்டியில் அங்கே கசடு கெட்டியாகப் படிந்திருக்கும். மேலே ஹெட்டுக்கு ஆயில் சரியாக ஏறாது. டேப்பட் (வால்வைத் தட்டித் திறக்கும் பகுதி) சத்தம் என்று நினைப்பது பல நேரம் இந்தப் பட்டினிதான்.

எப்போது வருகிறது

ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மொபைலில் ஒலிப்பதிவும் செய்யுங்கள். ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் மொபைலை வைத்து, காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒன்று, நன்றாகச் சூடான பிறகு ஒன்று. மூன்று மாதம் கழித்து ஒப்பிட இதைவிட நல்ல சான்று கிடையாது.

காலையில் மட்டும் கடகடத்து, இரண்டு மூன்று கிலோமீட்டரில் அடங்கும் சத்தம் பெரும்பாலும் பிஸ்டன் தளர்வு. பிஸ்டன் சூடாகி விரிந்ததும் இடைவெளி குறைந்துவிடும். இதற்கு நேர்மாறாக, காலையில் இல்லாமல் நண்பகல் சூட்டில் வருவது கவலைப்பட வேண்டியது. ஆயில் இளகியதும் பேரிங் தளர்வு வெளியே தெரிகிறது என்று அர்த்தம்.

வண்டி நிற்கும்போது வரும் சத்தத்தையும் ஓடும்போது மட்டும் வரும் சத்தத்தையும் பிரித்துவிடுங்கள். நின்றபடி ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு திருகினாலும் வராத சத்தம், ஓடும்போது மட்டும் வந்தால், செயின், ஸ்ப்ராக்கெட், வீல் பேரிங், பிரேக் பக்கம் போங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கிளட்சைப் பிடித்து, இன்ஜினை ஐட்லிங்குக்கு இறங்க விடுங்கள். சத்தம் வண்டியின் வேகத்தோடு தொடர்ந்தால் அது சக்கரம் சார்ந்தது. இன்ஜினோடு இறங்கினால் இன்ஜின் சார்ந்தது. இந்த ஒரு சோதனை தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

பாரம் ஏறும்போது வருகிறதா என்று பார்ப்பது டெல்டாவில் கொஞ்சம் சிரமம், ஏனென்றால் இங்கே மேடே கிடையாது. ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றம்தான் நமக்கு மலை. பின்னால் ஒருவரை உட்கார வைத்து, மூன்றாவது கியரில் மெதுவாக ஏறிப் பாருங்கள். அல்லது ஆடி மாதத்தில், வயல்வெளிச் சாலையில் எதிர்க்காற்றில் ஓட்டிப் பாருங்கள். அந்தக் காற்று ஏற்றத்துக்குச் சமமான பாரத்தை இன்ஜின் மேல் வைக்கும்.

எந்தத் தாளத்தில் வருகிறது

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். ஆகவே வால்வ், டேப்பட், ராக்கர் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் கை) சம்பந்தப்பட்ட எதுவும் இன்ஜின் வேகத்தில் பாதித் தாளத்தில்தான் தட்டும். பிஸ்டன், அதைக் கிராங்கோடு இணைக்கும் ராடு, கிராங்க் சம்பந்தப்பட்டவை முழு வேகத்தில் தட்டும். 1,400 சுற்றில் ஐட்லிங் ஓடும் ஸ்ப்ளெண்டரில் கிராங்க் நொடிக்கு 23 தடவை சுற்றுகிறது, எண்ண முடியாது. ஆனால் 'டிக், டிக்' என்று பிரிந்து கேட்கும் தட்டலுக்கும், 'டர்ர்' என்று இழைந்து ஓடும் தட்டலுக்கும் உள்ள வித்தியாசம் காதுக்குத் தெரியும். புல்லட்டில் ஐட்லிங் மெதுவாக இருப்பதால் அங்கே தாளம் தெளிவாகவே பிடிபடும்.

இன்னொரு நல்ல தருணம், சாவியை அணைக்கும்போது. இன்ஜின் நின்று போவதற்கு முந்தைய கடைசிச் சில சுற்றுகளில் மற்ற இரைச்சல் எல்லாம் விழுந்துவிடும். தளர்ந்த ராடு, தேய்ந்த பேரிங் அப்போது தனியாகக் கேட்கும். இரவில், ஊர் அடங்கிய பிறகு செய்து பாருங்கள்.

வெளியே உள்ளவற்றை ஒதுக்கி முடியுங்கள்

ஒரு ஸ்பானர் செட்டை எடுத்துக்கொண்டு வெளிப்பக்கத்தை முழுக்கச் சுற்றி வாருங்கள். ஃபவுண்டேஷன் போல்ட்கள், சைலன்சரைப் பிடிக்கும் நட்டுகள், அதன் மேலுள்ள தகடு, லெக் கார்டு, சாரி கார்டு, நம்பர் பிளேட், செயின் கவர் ஒவ்வொன்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் அதிர்ந்து, கொஞ்சம் கூட்டினால் நின்றுவிடும் சத்தம் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இன்ஜின் ஓடும்போது ஒவ்வொன்றாகக் கையால் அழுத்துங்கள் (சைலன்சரைத் துணி சுற்றிய கட்டையால்). எதை அழுத்தும்போது நிற்கிறதோ அதுதான் ஆள். வேதாரண்யம், நாகை பக்கம் உப்புக் காற்றில் இந்த நட்டுகள் துருவேறி, இறுகியது போலத் தோன்றினாலும் பிடிப்பில்லாமல் இருக்கும். கண்ணை நம்பாமல் ஸ்பானர் போட்டே பாருங்கள்.

சைலன்சர் இன்ஜினில் சேரும் இடத்தை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். டேப்பட் என்று ஏமாற்றும் சத்தங்களில் முதலிடம் இதற்குத்தான். அங்குள்ள கேஸ்கெட் போய்விட்டால் ஒவ்வொரு வெடிப்பிலும் காற்று 'டிக் டிக்' என்று கசியும். அதுவும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வரும், தாளத்தை வைத்துப் பிரிக்க முடியாது. இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா பாருங்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சோப்புத் தண்ணீரை அங்கே தடவி, ஸ்டார்ட் செய்தால் குமிழி கிளம்பும். ஈரத் துணியால் சைலன்சரின் வால் முனையை ஒரு நொடி பாதி மூடினால் கசிவுச் சத்தம் கூடும், டேப்பட் சத்தம் மாறாது. ஸ்பார்க் பிளக் தளர்ந்திருந்தாலும் இதே மாதிரி 'சுக் சுக்' என்று வரும். பழைய புல்லட்டில் டிகம்ப்ரெஷர் (கிக்கர் அடிக்கும் முன் சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வ்) சரியாக மூடாமல் கசிவதும் இந்த வகைதான்.

செயினில் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் ஆட்டினால் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கலாம். சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள், ஒரு இடத்தில் இறுக்கமும் இன்னொரு இடத்தில் தொய்வும் என்றால் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்து தேய்ந்துவிட்டன. முன்பக்கச் சின்ன ஸ்ப்ராக்கெட்டின் கவரைக் கழற்றிப் பாருங்கள். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து, சாலையிலேயே வைக்கோலும் நெல்லும் காயும். அதன் மேல் ஓட்டிப்போன வண்டிகளில் இந்தக் கவருக்குள் வைக்கோலும் சேறும் திரித்துக் கட்டியிருக்கும். 'சரசர' என்ற உரசல் அங்கிருந்து வரும். கையால் எடுத்துப் போட்டால் முடிந்தது.

இன்ஜின் ஓடும்போது வேட்டி, துண்டு, தொங்கும் எதுவும் செயின் பக்கம் போகக் கூடாது. சோதனையெல்லாம் திறந்த வெளியில். மூடிய கொட்டகையில் வண்டிப் புகை ஆளையே சாய்த்துவிடும்.

எங்கிருந்து வருகிறது

நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்று போதும். முனையை இன்ஜினில் ஒரு இடத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்துங்கள். தலையில் ஹெட், நடுவில் பிளாக் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்), இடப்பக்கம் மேக்னட் (கிராங்க் முனையில் சுழலும் காந்தச் சக்கரம்) கவர், வலப்பக்கம் கிளட்ச் கவர், அடியில் கிராங்க் கேஸ் என்று ஒவ்வொரு இடத்திலும் சில நொடி கேளுங்கள். உலோகம் சத்தத்தை எல்லாப் பக்கமும் கடத்தும், அதனால் ஓர் இடத்தில் கேட்டதும் முடிவு கட்டாதீர்கள். எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறது என்பதுதான் கேள்வி. காற்றுக் கசிவைத் தேட மட்டும் ஸ்குரூ டிரைவர் உதவாது. ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகளின் அருகே நகர்த்துங்கள்.

ஹெட்டில் 'டிக் டிக்': டேப்பட்

லேசான டேப்பட் சத்தம் குற்றமில்லை. பழைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கு அது இருப்பதே நல்லது என்பேன். பயப்பட வேண்டியது சத்தமே இல்லாத டேப்பட்டைப் பார்த்து. சத்தத்தை அடக்க வேண்டும் என்று இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிட்டால், சூட்டில் வால்வ் முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வ் தன் சூட்டை இறக்கி வைப்பது ஹெட்டில் உள்ள இருக்கையைத் தொடும் நேரத்தில்தான். தொடாவிட்டால் கருகும். சூடான வண்டி ஸ்டார்ட் ஆக மறுப்பது, ஐட்லிங் நிற்காமல் போவது, இழுவை குறைவது எல்லாம் அப்படித்தான் தொடங்கும்.

ஹோண்டா வகை 100 சிசி இன்ஜினில் செய்யும் முறை இது. இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மதியம் நிழலில் நின்ற வண்டிகூடக் குளிர்ந்ததாகாது, விடியற்காலையில் செய்யுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள், கிராங்கைக் கையால் சுற்றச் சுலபம். ஹெட்டில் மேலும் கீழும் உள்ள இரண்டு டேப்பட் மூடிகளையும், இடப்பக்கக் கவரில் உள்ள இரண்டு பார்வை மூடிகளையும் திறங்கள். மேக்னட் நட்டில் பாக்ஸ் ஸ்பானர் போட்டு, இடப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றி, மேக்னட்டில் உள்ள 'டி' குறியைக் கவரில் உள்ள வெட்டோடு சேருங்கள். இப்போது இரண்டு ராக்கர்களையும் விரலால் ஆட்டினால் இரண்டிலும் சிறிது ஆட்டம் இருக்க வேண்டும். ஒன்று இறுக்கமாக இருந்தால் பிஸ்டன் தவறான சுற்றில் மேலே நிற்கிறது, இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். இதைப் பார்க்காமல் அளவு வைத்தால் எல்லாம் தவறாகும்.

ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பு) 0.05 மில்லிமீட்டர் தகட்டை ராக்கருக்கும் வால்வ் முனைக்கும் நடுவில் விடுங்கள். லேசான பிடிப்போடு நழுவி வர வேண்டும். இந்த வகை வண்டிகளுக்கு வழக்கமான அளவு இது. உங்கள் வண்டியின் கையேடு வேறு சொன்னால் கையேடுதான் சரி. லாக் நட்டை இறுக்கும்போது திருகு கூடவே திரும்பும், அதனால் இறுக்கியபின் மறுபடி அளந்து பாருங்கள்.

அயர்ன் பிளாக் புல்லட்டில் முறை வேறு. பிளாக்கின் வலப்பக்கம் உள்ள டேப்பட் கவரைத் திறந்து, குளிர்ந்த நிலையில், வால்வ் மூடியிருக்கும்போது புஷ் ராடை விரலால் சுற்றுங்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. பின்னாளில் வந்த யூசிஇ (இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அமைந்த) இன்ஜின் புல்லட்டில் டேப்பட் ஹைட்ராலிக், அங்கே அளவு வைக்க எதுவுமில்லை. அதில் சத்தம் விடாமல் வந்தால் ஆயிலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அளவு சரியாக வைத்த பிறகும் தட்டல் மாறவில்லை என்றால் ராக்கர் முனையோ, ராக்கர் ஊசியோ, கேம் முகடோ தேய்ந்திருக்கிறது. மூடியைத் திறந்தபடியே ராக்கர் முகத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் தெரியும்.

பக்கவாட்டில் 'சரசர', 'சலசல': டைமிங் செயின்

ஸ்ப்ளெண்டர் வகையில், கிராங்கிலிருந்து கேம் ஷாஃப்டைச் சுற்றவைக்கும் டைமிங் செயின் இன்ஜினின் இடப்பக்கம் ஓடுகிறது. ஆக்ஸிலரேட்டரைத் திருகி விட்டுவிடும்போது, வேகம் இறங்கும் நேரத்தில் பிளாக்கின் அந்தப் பக்கத்தில் சலசலப்பு கூடினால் செயின் தொய்ந்திருக்கிறது. செயினே நீண்டிருக்கலாம். ஆனால் பல வண்டிகளில் குற்றவாளி அதன் ரப்பர் ரோலரும், டென்ஷனர் புஷ் ராடின் ரப்பர் முனையும்தான். வருடங்களில் ரப்பர் கல்லாகி, பள்ளம் விழுந்திருக்கும். செயினை மட்டும் மாற்றிவிட்டு ரோலரை விட்டால் சத்தம் திரும்பும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொல்லுங்கள். இந்தச் சத்தத்தோடு வருடக்கணக்கில் ஓட்டக் கூடாது. செயின் ஒரு பல் தாவினால் வால்வ் நேரம் தவறும், ஸ்டார்ட்டிங்கே போய்விடும்.

வலப்பக்கத்தில் 'கரகர': கிளட்ச்சும் கியரும்

இங்கே சோதனை கையிலேயே இருக்கிறது. நியூட்ரலில் ஓடவிட்டு, கிளட்ச் லீவரைப் பிடியுங்கள், விடுங்கள். பிடித்ததும் சத்தம் நின்றால் கிளட்ச் ஹவுசிங்கின் தளர்வு அல்லது கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் பேரிங். பிடிக்கும்போது மட்டும் வந்தால் கிளட்ச்சைத் தள்ளும் பேரிங். ஐட்லிங் மிகக் குறைவாக வைத்திருந்தாலும் நல்ல கிளட்ச்சே கடகடக்கும், முதலில் ஐட்லிங்கைச் சரியாக வையுங்கள். ஆர்எக்ஸ் 100-இல் இந்தச் சலசலப்பு சற்று அதிகமாகவே இருக்கும், வண்டி இழுக்கிறது, கிளட்ச் வழுக்கவில்லை என்றால் அவசரமில்லை. புல்லட்டில் கரகரப்பு இடப்பக்கத்திலிருந்து வந்தால் அங்குள்ள பிரைமரி செயினின் (கிராங்கிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் செயின்) தொய்வையும் அந்தக் கவருக்குள் ஆயில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஓடும்போது 'கிர்ர்' என்று விட்டு விட்டு வந்தால் கிக்கர் லீவரைக் காலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். மாறினால் கிக்கர் ராட்செட் முழுதாக விலகவில்லை.

பாரத்தில் மட்டும் 'கிணுகிணு'

மேம்பாலத்தில் ஏறும்போது, தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கினாற்போல ஒரு சத்தம் வந்து, கியரை இறக்கியதும் நின்றால் அது எந்தப் பாகத்தின் தட்டலும் இல்லை. உள்ளே பெட்ரோல் தவறான நேரத்தில் வெடிக்கிறது. இக்னிஷன் நேரம், கரி படிந்த ஹெட், தவறான சூட்டு எண் கொண்ட பிளக், அதிகச் சூடு என்று காரணம் பல. வயல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஓடும் வண்டிகளில் பிளாக்கின் செதில்களுக்கு நடுவே சேறு காய்ந்து அடைத்திருக்கும். காற்றில் குளிரும் இன்ஜினுக்கு அந்தச் செதில்கள்தான் ரேடியேட்டர். இன்ஜின் ஆறிய பிறகு நார் பிரஷ் வைத்துக் கழுவுங்கள். மேல் கியரில் இழுக்க முடியாமல் இழுக்க வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். இரண்டு மூட்டையோடு நாலாவது கியரில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போவது பெட்ரோல் மிச்சம் என்று பலரும் நம்புகிறார்கள், கிராங்க் பேரிங்குக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

உள்ளே: பிஸ்டன், ராடு, பேரிங்

இதுவரை சொன்ன எதுவும் பொருந்தவில்லை என்றால்தான் இங்கே வர வேண்டும்.

பிஸ்டன் தளர்வு பிளாக்கின் நடுவில், வெற்றுக் கூட்டைத் தட்டினாற்போல, காலையில் 'கடகட' என்று வரும். புகை இல்லை, ஆயில் குறையவில்லை என்றால் இதோடு நீண்ட நாள் ஓட்டலாம். நீலப் புகை வந்து, ஆயிலும் குறைகிறது என்றால் போரை (சிலிண்டரின் உட்துளையை) அளக்க வேண்டிய நேரம். இப்பகுதியில் போர் தேய்வதற்குப் பெரிய காரணம் தூசி. அறுவடைக் காலத்தில் கதிர் அறுக்கும் இயந்திரம் ஓடும் வயல் ஓரம் தினமும் போகும் வண்டியின் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்தால் புரியும். ஃபோம் ஃபில்டர் என்றால் மண்ணெண்ணெயில் அலசி, உலர்த்தி, ஆயில் தடவிப் பிழிந்து போடுங்கள். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்றுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் இழுவை கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பிஸ்டன் பின் தளர்ந்தால் ஐட்லிங்கில் கூர்மையான இரட்டைத் தட்டல். ராடின் அடிப்பக்க பேரிங் போனால், அதாவது மெக்கானிக்குகள் "ராடு தட்டுது" என்பது, கிராங்க் கேஸின் ஆழத்திலிருந்து கனமாக 'டொக் டொக்' என்று வரும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டு, ஆக்ஸிலரேட்டரைச் சற்றே விட்டுத் திருகி, விட்டுத் திருகினால், இழுவைக்கும் தளர்வுக்கும் நடுவில் அந்தத் தட்டல் தெளிவாகக் கேட்கும். சூடு ஏற ஏறச் சத்தமும் அதிகமாகும். இந்தச் சத்தம் உறுதியானால் வண்டியை ஓட்டாதீர்கள், ஊர் போய்ச் சேரலாம் என்றுகூட வேண்டாம். ராடு முறிந்தால் கிராங்க் கேஸை உடைத்துக்கொண்டு வெளியே வரும், பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளும் விழலாம்.

ஆனால் ராடு என்று முடிவு கட்டும் முன் இடப்பக்கக் கவரைத் திறந்து மேக்னட் நட்டைப் பாருங்கள். அது தளர்ந்தால் வரும் தட்டல் ராடு தட்டலைப் போலவே இருக்கும். கீ வெட்டு கெட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

உறுதி செய்ய, பிளக்கைக் கழற்றி, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, நீளமான மெல்லிய மரக்குச்சியை (இரும்பு வேண்டாம்) துளை வழியே பிஸ்டன் மேல் பட வையுங்கள். மேக்னட்டைக் கையால் முன்னும் பின்னும் மிகச் சிறிதாக அசையுங்கள். மேக்னட் அசைந்தும் குச்சி அசையாமல் நின்று, பிறகு 'டக்' என்று அசைந்தால் இடையில் தளர்வு இருக்கிறது. பிளாக்கைக் கழற்றிய பிறகு ராடை நேராக மேலே இழுத்துக் கீழே தள்ளிப் பாருங்கள். அந்தத் திசையில் ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. பக்கவாட்டு ஆட்டம் ஓரளவு இருப்பது இயல்பு, அதைக் காட்டி யாராவது கிராங்க் மாற்றச் சொன்னால் நேர் ஆட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கிராங்கின் மெயின் பேரிங் தட்டாது, முனகும். வேகம் கூடக் கூட 'ஊம்' என்று ஏறி, ஃபுட் ரெஸ்டில் காலுக்குத் தெரியும். மேக்னட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் அசைவு தெரியும்.

டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால்

எக்ஸ்எல் சூப்பர், ஆர்எக்ஸ், பழைய யெஸ்டி எல்லாம் டூ ஸ்ட்ரோக். எக்ஸ்எல் 100 மட்டும் ஃபோர் ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக்கில் டேப்பட்டே கிடையாது, ஆகவே "டேப்பட் சத்தம்" என்று யாராவது சொன்னால் வேறு பட்டறை பாருங்கள். அங்கே பிஸ்டன், ரிங், பின்னில் உள்ள ஊசி பேரிங், கிராங்க் ஆகியவைதான் பேசும். ஓடும்போது 'கீச்' என்று ஒரு கிறீச்சலும் கூடவே இழுவைக் குறைவும் வந்தால் பிஸ்டன் பிடிக்கப் போகிறது: கிளட்ச் லீவர் உள்ள வண்டி என்றால் உடனே அதைப் பிடியுங்கள், ஓரமாக நிறுத்துங்கள், ஆறும்வரை கிக்கர் அடிக்காதீர்கள். பெட்ரோலோடு கலக்க வேண்டிய 2டி ஆயிலைக் கண்ணளவில் ஊற்றுவதுதான் இதற்குப் பெரும் காரணம், அளந்து ஊற்றுங்கள். ஆர்எக்ஸில் ஆயில் தனித் தொட்டியிலிருந்து பம்ப் வழியே போகிறது. தொட்டி ஒருமுறை காலியாகிவிட்டால், நிரப்பியதும் பம்ப்பில் உள்ள காற்றை வெளியேற்றாமல் ஓட்டக் கூடாது.

வெள்ளத்தில் நின்ற வண்டி

ஐப்பசி, கார்த்திகை மழையிலும், 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறியது போன்ற நாட்களிலும் தண்ணீரில் மூழ்கிய வண்டிகளுக்கு, சத்தம் உடனே வராது. சில மாதம் கழித்து பேரிங்கில் துரு பிடித்து முனகல் தொடங்கும். அதைத் தடுக்கும் வாய்ப்பு முதல் இரண்டு நாளில்தான் இருக்கிறது. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். சாவி போடாமல் பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக அழுத்தி உள்ளே நின்ற தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆயிலை முழுக்க வடியுங்கள். கார்புரேட்டரையும் டேங்கையும் காலி செய்யுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை உறிஞ்சி அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், மேலே மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். புது ஆயில் ஊற்றி, சில நிமிடம் ஓட்டி, மறுபடி வடித்து, மறுபடி ஊற்றுங்கள். நுரைப்பு மறையும்வரை இதைச் செய்ய வேண்டும். கடலோர ஊர்களில் உப்புத் தண்ணீர் ஏறிய வண்டிக்கு ஒரு நாள் தாமதம்கூட அதிகம். வீல் பேரிங்குகளையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பட்டறையில் சொல்ல வேண்டியது

இவ்வளவையும் செய்த பிறகு நீங்கள் சொல்லும் வாசகம் மாறிவிடும்: "அண்ணே, காலையில முதல் ஸ்டார்ட்ல மட்டும் கடகடங்குது, பிளாக் நடுவுல. சூடானா நின்னுடுது. டேப்பட் அளவு பார்த்துட்டேன், சைலன்சர் கேஸ்கெட் புதுசு. ஆயில் குறையல." இப்படிச் சொன்னால் நல்ல மெக்கானிக்குக்கு வேலை பாதி முடிந்தது. காலையில் மட்டும் வரும் சத்தம் என்றால் முந்தைய நாள் மாலையே வண்டியை விட்டுவிடுங்கள். சூடான வண்டியை ஓட்டிக்கொண்டு போனால் அவருக்குக் கேட்காது.

பிரிப்பது என்று முடிவானால் கூடவே நில்லுங்கள், கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். லேத் பட்டறைக்கு பிளாக் போகும் முன் ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள், அந்தப் பிஸ்டனை அளந்துதான் போர் கடைய வேண்டும். 0.25 மில்லிமீட்டர் அளவிலேயே போர் சுத்தமாகிவிடும் என்றால் 0.50-க்குத் தாவ விடாதீர்கள். அடுத்த முறைக்கு உலோகம் மிச்சமிருக்க வேண்டும். சேர்த்த பிறகு முதல் 500 கிலோமீட்டர் பாரமில்லாமல், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் போகாமல் ஓட்டுங்கள், அது முடிந்ததும் ஆயிலை மாற்றுங்கள். அந்த ஆயிலையும் வெள்ளைத் துணியில் வடித்து, காந்தம் வைத்துப் பாருங்கள்.